வந்துகொண்டே இருந்த லேப்டாப்பும் அக்காவின் குளியலறையும்

வீடு கட்டுகிறவர்களுக்குப் பிளான் வரைந்து கொடுப்பது அவருடைய தொழில். இருபத்தாறு வருடமாக அதுதான் வேலை. சுற்றி இருக்கிற நான்கு தெருவில் எந்தச் சுவருக்குள் எந்தக் குழாய் ஓடுகிறது என்று வீட்டுக்காரர்களைவிட அவருக்குத்தான் நன்றாகத் தெரியும். அப்படிப்பட்டவரைப் பிளான்காரர் என்று மரியாதையாகக் கூப்பிட ஒருத்தரும் இல்லை. எல்லோரும் "வானிலை" என்றுதான் சொல்வார்கள். வரும், வரும், இதோ வந்துவிட்டது என்று மூன்று வருடமாக ஒன்றையே சொல்லிக்கொண்டிருக்கிற மனிதருக்கு வேறு என்ன பெயர் வைப்பார்கள்? மழையைச் சொல்லியிருந்தாலாவது அந்த மூன்று வருடத்தில் நாலு தடவை பலித்திருக்கும். இவர் சொன்னது லேப்டாப்பை.

அவரிடம் லேப்டாப் இல்லாமல் இல்லை. ஒன்று இருந்தது. இருந்தது என்பதைவிட மூச்சு விட்டுக்கொண்டு கிடந்தது என்றால் சரியாக இருக்கும். மூடியைத் தாங்குகிற கீல் உடைந்து போய், பின்னால் ஒரு செங்கல்லை நிறுத்தி அதன்மேல் சாய்த்து வைத்திருந்தார். இரண்டு எழுத்துக் கட்டைகள் உதிர்ந்து விழுந்திருந்தன. அந்தக் குழிகளைப் பென்சிலின் பின்பக்கத்தால் குத்துவார். உள்ளே இருக்கிற காற்றாடி சுற்ற ஆரம்பித்தால் பக்கத்து அறையில் மாவு மெஷின் ஓடுகிற மாதிரி கேட்கும். வயரைப் பிடுங்கினால் அந்த நிமிடமே கண்ணை மூடிவிடும். காலையில் அதைத் தட்டிவிட்டு, குளித்து, தலை துவட்டி, சட்டை மாட்டிக்கொண்டு வந்து பார்த்தால், அது அப்போதுதான் எழுந்து உட்கார்ந்து கொட்டாவி விட்டுக்கொண்டிருக்கும்.

இத்தனைக்கும் அது வேலை செய்தது. அதைத்தான் அவர் ஒப்புக்கொள்ள மாட்டார்.

அதே கம்பெனி புதிதாக ஒன்றைக் கொண்டுவரப் போகிறது என்று பேச்சு கிளம்பி மூன்று வருடம் ஓடிவிட்டது. பேச்சு என்றால் வெறும் பேச்சுதான். கம்பெனி வாயைத் திறக்கவில்லை. கம்பெனியைத் தவிர மற்ற எல்லோரும் திறந்தார்கள். காகிதக் கட்டு மாதிரி மெல்லிசாக இருக்குமாம். இரண்டு நாள் வயர் இல்லாமல் ஓடுமாம். சத்தமே வராதாம். அதெல்லாம் போகட்டும். அதில் ஒரு வீட்டை வரைந்தால் வரைந்த வீட்டுக்குள்ளேயே நடந்து போகலாமாம். வாசலில் நுழைந்து, படி ஏறி, ஜன்னல் பக்கம் போய் நின்று, காலை வெயில் எந்தச் சுவரில் விழும் என்று செங்கல் ஒன்றுகூட வாங்குவதற்கு முன்னாலேயே பார்த்துவிடலாமாம்.

இந்தக் கடைசி விஷயத்தில்தான் அவர் விழுந்தார். எழுந்திருக்கவே இல்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. அவர் தன் சொந்த வீட்டுக்குத் தானே பிளான் போட்டவர். காகிதத்தில் அத்தனை அழகாக இருந்தது. கட்டி முடித்துக் குடிவந்த அன்று மாடிப்படி ஏறினால், ஏழாவது படியில் மேலே இருக்கிற உத்திரம் நெற்றிப் பொட்டில் வந்து முட்டியது. இப்போது வீட்டில் எல்லோருக்கும் பழகிவிட்டது. ஆறு படி நிமிர்ந்து ஏறி, ஏழாவதில் கும்பிடு போட்டு, எட்டாவதில் நிமிர்வார்கள். விருந்தாளிகள்தான் பாவம். ஊருக்கெல்லாம் அளவு சொல்கிறவர் வீட்டுக்கு வந்துவிட்டு நெற்றியில் வீக்கத்தோடு திரும்பிப் போவார்கள். அவர் மனைவி அதற்கென்றே மாடிப்படி பக்கத்தில் ஒரு களிம்பு டப்பா வைத்திருந்தாள்.

உள்ளே நடந்து பார்க்கிற மெஷின் ஒன்று அன்றைக்கே இருந்திருந்தால் இப்படி ஆகியிருக்குமா? இதுதான் அவர் நெஞ்சில் குத்திக்கொண்டே இருந்த முள். அதனால்தான் காத்திருந்தார்.

காத்திருந்தார் என்றால் சும்மா அல்ல. அவரைப் போலவே காத்திருக்கிறவர்கள் சேர்ந்து போனில் ஒரு குழு வைத்திருந்தார்கள். நானூறு பேர். யார் முகமும் யாருக்கும் தெரியாது. எல்லோருக்கும் எல்லாம் தெரியும். கம்பெனியின் விற்பனை இணையப் பக்கம் ஒரு நாள் இரண்டு மணி நேரம் திறக்கவில்லை. ஏதோ ரிப்பேர். குழுவில் இருந்தவர்களுக்கு அந்த இரண்டு மணி நேரமும் தண்ணீர்கூட இறங்கவில்லை. கம்பெனி ஒரு படம் போட்டால் அதில் நிழல் எந்தப் பக்கம் சாய்ந்திருக்கிறது என்று அளந்து, மூடி எத்தனை கோணத்துக்குத் திறக்கும் என்று கண்டுபிடித்தார்கள். இவர் அளவுகோல் பிடித்த கை ஆயிற்றே! இவர் சொன்னால் குழுவே "அண்ணன் சொன்னா சரியா இருக்கும்" என்று தலையாட்டும்.

பிரசவத்துக்கு நாள் சொல்கிற டாக்டர்கூட ஒரு வாரம் முன்னே பின்னே ஆகலாம் என்பார். இவர் தேதி, கிழமை, காலையா மாலையா என்பதுவரை சொல்வார். முதல் வருடம் மார்ச் என்றார். வரவில்லை. ஒற்றைப்படை மாதத்தில்தான் கம்பெனி எதையும் வெளியிடும் என்று சொல்லி ஜூலை என்றார். அதுவும் போயிற்று. பிறகு இரட்டைப்படைக்கு மாறினார்.

"தள்ளிப் போட்டுட்டாங்க," என்பார் ஒவ்வொரு தடவையும், சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணம் தள்ளிப்போன மாதிரி முகத்தைத் தொங்கவிட்டுக்கொண்டு.

"சொல்லவே சொல்லாததை எப்படிங்க தள்ளிப் போடுவாங்க?" என்று மனைவி கேட்பாள்.

அவள் ரத்தப் பரிசோதனை செய்கிற இடத்தில் வேலை பார்த்தாள். ஊசி குத்துகிற கை, வாயும் அப்படித்தான்.

"ஏங்க, சாயங்காலம் நாலு மணிக்கு ரிப்போர்ட்னு நான் சொன்னா நாலு மணிக்குக் குடுக்கணும். 'வந்துக்கிட்டே இருக்கு, நம்பகமான இடத்துல கேள்விப்பட்டேன்'னு சொல்லிப் பாருங்க, ஊசியைப் பிடுங்கி எனக்கே குத்திருவாங்க."

"உனக்கு இதெல்லாம் புரியாது."

"புரியாமத்தான் சோறு பொங்கிப் போடுறேன்."

இதுவரைக்கும் நடந்ததெல்லாம் சிரித்துவிட்டுப் போகிற விஷயம். அக்கா விஷயம் அப்படி அல்ல.

அவருக்கு ஒரே அக்கா. ஆஸ்பத்திரித் துணிகளை வெளுக்கிற கூடத்தில் மேற்பார்வை பார்க்கிறவள். புருஷன் போய்ப் பல வருடம் ஆகிறது. அவன் விட்டுப் போனது ஒரு மூலை மனை. இரண்டு தெரு சேருகிற இடம், பதினெட்டடி அகலம். அக்கா அங்கே வீடு கட்டவில்லை. இருபத்திரண்டு வருடமாக ஒரு பழைய கட்டடத்தில் ஒற்றை அறையில் குடியிருந்தாள். ஆறு குடும்பம், ஒரே குளியலறை. அதன் தாழ்ப்பாள் என்றைக்கோ உடைந்து, சரிசெய்ய வேண்டியது யார் என்ற சண்டையிலேயே வருடங்கள் போய்விட்டன. உள்ளே ஆள் இருப்பது வெளியே தெரிய வேண்டுமே! அதனால் அக்கா குளித்து முடிக்கிறவரை இருமிக்கொண்டே இருப்பாள். சளி இல்லை, காய்ச்சல் இல்லை. தண்ணீர் ஊற்றுவதற்கும் இருமுவதற்கும் ஒரு தாளம் வைத்திருந்தாள்.

"எனக்கு மாளிகை வேணாண்டா தம்பி. உள்பக்கம் தாழ்ப்பாள் போட்டுட்டு, வாயை மூடிக்கிட்டுக் குளிக்கணும். அவ்வளவுதான்," என்று மூன்று வருடத்துக்கு முன் வந்து சொன்னாள். "ஒரு பிளான் போட்டுக் குடு."

"போடுறேன்க்கா. புதுசு வரட்டும். வந்ததும் முதல் வீடு உன் வீடுதான். உன்னை உள்ள நடக்கவெச்சே காட்டுறேன்."

அன்றிலிருந்து அக்காவின் வீடு லேப்டாப்போடு சேர்ந்து வந்துகொண்டே இருந்தது.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்த மூன்று வருடத்தில் அவர் ஊராருக்கு அறுபது வீடு வரைந்து கொடுத்தார். எல்லாம் செங்கல்லில் சாய்ந்த அந்தப் பழைய மெஷினில்தான். முடி வெட்டுகிற கடைக்கு, இரண்டு மாடி மருந்துக்கடைக்கு, யாரோ ஒருத்தருடைய நாய்க்கூண்டுக்கும்கூட. அக்காவுக்கு மட்டும் இல்லை.

ஒரு நாள் அக்கா வந்தாள். வழக்கம்போல ஏழாவது படியில் குனிந்து, எட்டாவதில் நிமிர்ந்து, அவர் அறைக்குள் வந்து நின்றாள். கையில் ஒரு நோட்டீஸ்.

"இதைப் படி."

கட்டட அனுமதி அலுவலகம் போட்ட நோட்டீஸ். மூலை மனைக்காரர்கள் இனிமேல் பக்கத்துத் தெருவை ஒட்டியும் ஐந்தடி விட்டுத்தான் கட்ட வேண்டும். அடுத்த மாதம் ஒன்றாம் தேதியிலிருந்து இந்தச் சட்டம். அதற்கு முன்னால் பிளானைக் கொடுத்துவிட்டவர்களுக்குப் பழைய சட்டமே.

அவர் மனதுக்குள்ளேயே கோடு போட்டுப் பார்த்தார். பதினெட்டில் ஐந்து போனால் பதிமூன்று. அதில் ஒரு படுக்கை அறை, ஒரு அடுப்படி, நடக்க வழி. குளியலறைக்கு மிஞ்சுகிற இடம் மொட்டை மாடிதான்.

"இருபத்தி நாலு நாள் இருக்கு," என்றாள் அக்கா. "உன் மெஷின் வருதோ, வரலையோ. எனக்குப் பிளான் வேணும்."

"இருபத்தஞ்சாம் தேதி வந்துரும்க்கா. இந்தத் தடவை அசைக்க முடியாத சாட்சி இருக்கு."

"ஊர்ல இருக்கிறவனுக்கெல்லாம் இந்த ஓட்டை மெஷின்ல போட்டுக் குடுக்கிற. நாய்க்கு வீடு போட்டிருக்க. எனக்கு மட்டும் என்னடா?"

"நீ என் அக்கா. உனக்குப் போய் ஏனோதானோன்னு..."

"அக்காவாப் பிறந்ததுக்கு இதுதான் தண்டனைன்னு முன்னாடியே சொல்லியிருந்தா தங்கச்சியாப் பிறந்திருப்பேனே."

சாட்சி என்றாரே, அது என்னவென்று சொல்ல வேண்டும். கடைத்தெருவில் ஒரு கம்ப்யூட்டர் கடை இருந்தது. அந்தக் கம்பெனியின் சாமான் விற்கிற கடை. இரண்டு மாதத்துக்கு முன் இவர் அந்த வழியாகப் போனபோது எட்டிப் பார்த்தார். லேப்டாப் வைக்கிற அலமாரி காலி! ஒன்றுகூட இல்லை. தூசிதான் இருந்தது. இவருக்கு மயிர்க்கூச்செறிந்தது. பழையதை நிறுத்திவிட்டால் புதியது வருகிறது என்றுதானே அர்த்தம்? வெளியிலிருந்தே படம் எடுத்துக் குழுவில் போட்டார். குழு கொதித்தது.

நாலு நாள் கழித்து, இந்த மாதிரி வதந்திகளை மட்டும் போடுகிற ஒரு பக்கத்தில் செய்தி வந்தது. "விற்பனை வட்டாரத்துக்கு மிக நெருக்கமான ஒருவர் தரும் தகவலின்படி, பழைய மாடல் கடைகளிலிருந்து ஓசையில்லாமல் அகற்றப்படுகிறது." இவர் அதை மனைவிக்கு இரண்டு தடவை படித்துக் காட்டினார்.

"பாத்தியா? நான் பாத்ததையே அவங்களும் சொல்றாங்க. ரெண்டு இடத்துல ஒரே தகவல். இதுக்கு மேல என்ன வேணும்?"

"அந்த 'மிக நெருக்கமான ஒருவர்' யாரா இருக்கும்?"

"பெரிய ஆளாத்தான் இருக்கும்," என்றார் பயபக்தியோடு.

இருபத்தைந்தாம் தேதி வந்தது. சூரியன் உதித்தது, பால்காரர் வந்தார், குப்பை வண்டி வந்தது. லேப்டாப் வரவில்லை. இருபத்தாறும் இருபத்தேழும் போயின. இருபத்தெட்டாம் தேதி காலையில் அக்கா போன் பண்ணினாள். திட்டவில்லை.

"தம்பி, வேலைக்கு லீவு போட்டிருக்கேன். மூணு நாள். அதுக்குள்ள முடியுமா முடியாதான்னு சொல்லு. முடியாதுன்னா சொல்லிரு, நான் இங்க உள்ள குளிக்கிற ரூமுக்கே தாழ்ப்பாள் ஒண்ணு வாங்கிப் போட்டுட்டு இருந்துடறேன்."

அவர் போனை வைத்துவிட்டு நேராகக் கம்ப்யூட்டர் கடைக்குப் போனார். கடைக்காரரைப் பிடித்து உலுக்கினாலாவது உண்மை வெளியே வரும் என்று நினைப்பு. கடைக்காரர் இவரைப் பார்த்ததும் எழுந்து நின்று நாற்காலியைத் துடைத்துப் போட்டார்.

"வாங்க அண்ணே, வாங்க. உங்களுக்காகத்தான் காத்துக்கிட்டிருக்கேன். எப்ப வருது?"

"நீங்க சொல்லுங்க!"

"நான் எப்படிச் சொல்றது? நீங்கதானே சொன்னீங்க."

"நான் என்ன சொன்னேன்?"

"என்ன அண்ணே, மறந்துட்டீங்களா? ஆறு மாசத்துக்கு முன்னாடி இதே இடத்துல நின்னு, 'புதுசு வருது, பழசை எடுக்காதீங்க, தேங்கிப் போயிரும், தலையில துண்டைப் போட்டுக்கிட்டுத்தான் போகணும்'னு சொன்னீங்களே. வானிலை அண்ணன் சொன்னா காரணம் இல்லாம இருக்காதுன்னு அன்னிக்கே ஆர்டரை நிறுத்திட்டேன். இருந்ததையும் வித்துட்டேன்."

அவர் அலமாரியைப் பார்த்தார். அதே தூசி.

"அப்ப... கம்பெனி நிறுத்தலையா?"

"கம்பெனி எங்க நிறுத்துச்சு? வாரத்துக்கு ரெண்டு தடவை போன் பண்ணி, 'ஏன் எடுக்க மாட்டேங்கறீங்க, வேணுமா வேணுமா'ன்னு உயிரை எடுக்கிறாங்க. நான் அசைவேனா? அப்புறம் அந்தச் செய்திப் பக்கத்துலயும் போட்டாங்க பாருங்க, அப்பதான் எனக்கு முழு தைரியம் வந்துச்சு. பக்கத்துத் தெருவுல இருக்கிற ரெண்டு கடைக்காரங்களுக்கும் நானே காட்டி, அவங்களையும் நிறுத்தச் சொல்லிட்டேன்."

அவர் அந்தத் துடைத்த நாற்காலியில் உட்கார்ந்தார். விற்பனை வட்டாரத்துக்கு மிக நெருக்கமான அந்தப் பெரிய மனிதர் யார் என்று இப்போது தெரிந்துவிட்டது. அவரே சொல்லி, அவரே காலி பண்ணி, அதை அவரே பார்த்து, அவரே போட்டு, அவரே படித்து, அவரே நம்பியிருக்கிறார். தன் வாலைத் துரத்துகிற நாய்கூட நாலு சுற்றில் களைத்துப் படுத்துவிடும். இவர் மூன்று வருடம் சுற்றியிருக்கிறார்.

"அண்ணே, முகம் ஒரு மாதிரி இருக்கே. தள்ளிப் போட்டுட்டாங்களா?" என்றார் கடைக்காரர் கவலையோடு.

"நீங்க பழசையே எடுத்து வையுங்க," என்று மட்டும் சொல்லிவிட்டு வெளியே வந்தார். கடைக்காரர் அதை வைத்து என்ன புது அர்த்தம் பண்ணிக்கொண்டாரோ தெரியாது.

வீட்டுக்கு வந்து மனைவியிடம் எல்லாவற்றையும் சொன்னார். மறைக்கிற பழக்கம் அவரிடம் கிடையாது, அதைச் சொல்லியே ஆக வேண்டும். அவள் அன்றைக்கு மதியத்துக்கு மேல்தான் வேலைக்குப் போக வேண்டும். சிரிக்க ஆரம்பித்து, சுவரைப் பிடித்துக்கொண்டு சிரித்து, களிம்பு டப்பா பக்கத்தில் உட்கார்ந்து சிரித்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அண்ணியைக் கூப்பிடுங்க," என்றாள்.

அக்கா வந்தபோது பழைய மெஷின் கொட்டாவி விட்டு முடித்திருந்தது. அக்கா அவர் பக்கத்தில் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்தாள். அவர் ஒரு சுவரை வைத்தார். மெஷின் யோசித்தது. திரையில் வட்டம் சுற்றியது. அது சுற்றி முடிப்பதற்குள் அக்கா, "அந்த ஜன்னலை இந்தப் பக்கம் தள்ளேன், அங்க சாக்கடை நாத்தம் வரும்," என்றாள். தள்ளினார். மறுபடி வட்டம். "வேணாம், பழைய இடத்துலயே இருக்கட்டும். அங்கதான் வெளிச்சம்." ஒரு ஜன்னல் ஆறு தடவை இடம் மாறியது. மாறினதும் நல்லதுதான். ஆறாவது தடவை அடுப்படியில் நிற்கிறவள் முதுகுக்கு வெயில் படாத இடமாக அமைந்தது.

குளியலறை வந்ததும் அவர் கை நின்றுவிட்டது.

"என்னடா?"

"நாலடிக்கு ஆறடி வருதுக்கா. போதுமான்னு தெரியல. காகிதத்துல எல்லாமே போதும். மாடிப்படிகூடப் போதும்னுதான் நினைச்சேன்." தலையைத் தூக்காமல் சொன்னார். "அதுக்குத்தான் அந்த மெஷின்... உள்ள நடந்து பாத்துட்டுக் கட்டினா..."

அக்காவுக்கு அப்போதுதான் புரிந்தது. மூன்று வருடமாகத் தம்பி சோம்பேறித்தனத்தில் உட்காரவில்லை, பயத்தில் உட்கார்ந்திருக்கிறான்.

மனைவிதான் வழி கண்டாள். "நடந்து பாக்கிறதுக்கு லேப்டாப் எதுக்குங்க? தரை எதுக்கு இருக்கு?" என்று மேஜையிலிருந்த சாக்குக்கட்டியை எடுத்து அவர் கையில் திணித்தாள். கீழே கூடத்தில் நாற்காலிகளை ஒதுக்கினார்கள். அவர் டேப்பைப் பிடித்து, நாலடிக்கு ஆறடி, மூலை மட்டம் பார்த்து, தரையிலே கோடு போட்டார். கதவுக்கு இடம் விட்டார். குழாய் இருக்கும் இடத்தில் ஒரு பெருக்கல் குறி.

"போங்க அண்ணி, உள்ள போங்க."

"செருப்பை வெளிய விடணுமா?"

"உங்க வீடு, உங்க இஷ்டம்."

அக்கா கதவு இருக்கும் இடத்தில் கையை வைத்து, இல்லாத கதவை உள்பக்கமாகத் திறந்து, நுழைந்து, திரும்பி, மூடப் பார்த்தாள். வாளி ஒன்றை வைத்திருந்தார்கள். கதவு வாளியில் இடிக்கும். வாளியை நகர்த்தினால் அவள் நிற்க இடம் இல்லை. குனிந்தால் முழங்கை கோட்டைத் தாண்டி வெளியே போயிற்று.

"சுவத்தை இடிச்சிட்டீங்க அண்ணி."

"உன் புருஷன் கட்டின சுவர். இடிச்சாத்தான் என்ன?"

"கதவு வெளிப்பக்கம் திறக்கணும்," என்றார் அவர். மண்டியிட்டுக் கதவுக் கோட்டை அழித்து, வெளிப்பக்கமாகத் திறக்கிற மாதிரி வளைவு போட்டார். குழாயை இரண்டடி தள்ளினார். "இப்ப மறுபடி போ."

அக்கா மறுபடி போனாள். கதவை மூடினாள். இல்லாத தாழ்ப்பாளைப் போட்டாள். வாளி பக்கத்தில் குனிந்தாள், நிமிர்ந்தாள், கையைத் தூக்கித் தலைக்குத் தண்ணீர் ஊற்றுகிற மாதிரி ஊற்றினாள். எதுவும் இடிக்கவில்லை. உடனே தன்னையறியாமல் இரண்டு தடவை இருமினாள்.

மூன்று பேரும் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள்.

"இங்க எதுக்கு அண்ணி இருமறீங்க?" என்றாள் மனைவி மெல்ல.

"அட, ஆமா," என்றாள் அக்கா. பிறகு நெடுநேரம் அந்தக் கோட்டுக்குள்ளேயே சும்மா நின்றுகொண்டிருந்தாள். அவர் சாக்குக்கட்டியைக் கையில் உருட்டிக்கொண்டு வேறு பக்கம் பார்த்தார்.

மறுநாள் முழுவதும் வரைந்தார். அதற்கு மறுநாள் காலையில், கடைசி நாளன்று, மெஷின் படத்தை அச்சுக்கு ஏற்றபடி எழுதி முடிக்க ஐம்பது நிமிடம் எடுத்துக்கொண்டது. அந்த ஐம்பது நிமிடமும் வயரை யாரும் மிதிக்கக் கூடாது என்று மனைவி சுவர் ஓரமாகக் காவல் நின்றாள். அனுமதி அலுவலகத்தில் வரிசை வாசலைத் தாண்டி நின்றது. ஊரிலிருக்கிற மூலை மனைக்காரர்கள் எல்லோரும் அங்கேதான் இருந்தார்கள்.

"எல்லாரும் கடைசி நாள்லதான் வருவீங்களா?" என்று சலித்துக்கொண்டார் குமாஸ்தா. "ஒரு மாசமா நோட்டீஸ் ஒட்டியிருக்கோம்."

"முன்கூட்டியே சொல்றதுல என் தம்பி கெட்டிக்காரன் சார். செய்யறதுலதான் கொஞ்சம் தாமதம்," என்றாள் அக்கா.

குமாஸ்தா பிளானை விரித்து, விரலால் ஓட்டிக்கொண்டே வந்து, குளியலறையில் நிறுத்தினார். "கதவு வெளிப்பக்கம் திறக்குது?"

"ஆமா," என்றார் அவர். "நடந்து பாத்துத்தான் போட்டிருக்கேன்."

குமாஸ்தா நிமிர்ந்து ஒரு தடவை பார்த்தார். இந்த மாதிரி ஆட்கள் தினமும் நாலு பேர் வருவார்கள் என்பது போல முத்திரையைக் குத்தி ரசீதைக் கொடுத்தார். அக்கா அதை மடிக்கவில்லை. மடிக்காமல் இரண்டு கையிலும் பிடித்துக்கொண்டே வீடுவரை நடந்தாள்.

ஆறு வாரத்தில் அனுமதி வந்தது. அஸ்திவாரம் தோண்ட மேஸ்திரி நாள் சொன்னார். சொன்ன நாளில் வந்தும் நின்றார். அதைப் பார்த்து அவருக்கு ஆச்சரியமாகத்தான் இருந்தது. மனையின் ஒரு மூலையில் மேஸ்திரி ஆணி அடித்து நூலைக் கட்டினார். மறு முனையை இழுத்துப் பிடிக்க ஆள் வேண்டும். "சார், நீங்களே பிடிங்க, உங்க கோடுதானே," என்று இவர் கையில் கொடுத்துவிட்டார். இரண்டு கையாலும் இழுத்துப் பிடித்துக் குந்தி உட்கார்ந்தார். அக்கா நடுவில் நின்று நூலையே பார்த்துக்கொண்டிருந்தாள். மேஸ்திரி சுண்ணாம்புப் பொடியை நூலோரமாகத் தூவிக்கொண்டே அங்குலம் அங்குலமாக வந்தார்.

அப்போது அவர் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. நின்றது. மறுபடி அதிர்ந்தது. பிறகு நிற்கவே இல்லை. நானூறு பேர் ஒரே நேரத்தில் வாயைத் திறந்தால் எப்படி இருக்குமோ அப்படி நெஞ்சுக்கு மேலே துடித்தது. குனிந்து பார்த்தார். பை ஓரத்தில் திரை பாதி தெரிந்தது. கடைக்காரர் கூப்பிடுகிறார். அதற்கு மேலே குழுவில் ஒரு வரி: "அண்ணே, கம்பெனியே சொல்லிட்டாங்க!"

அவர் கை லேசாகத் தளர்ந்தது. நூல் ஒரு விரல் அளவு தொங்கியது.

"டேய், தொங்க விடாதே! என் சுவர் வளையுது," என்று அக்கா போட்ட சத்தத்தில் மேஸ்திரி பொடி தூவுவதை நிறுத்தினார். "யாருடா அது, அந்த அடி அடிக்குது?"

"இல்லக்கா... வந்துருச்சாம்."

அக்கா நூலிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

"வந்தது கொஞ்ச நேரம் உக்காந்திருக்கட்டும். நீ இழுத்துப் பிடி."